ஆப்பிரிக்காவில் கள்ளவேட்டைத் தடுப்பு வேலை: துப்பாக்கி கிடைக்காது, வேலை கிடைக்கும்

கேள்வி: விலங்கியல் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு. ஆப்பிரிக்காவில் காண்டாமிருகம், யானை வேட்டையைத் தடுக்கும் பிரிவில் சேர வேண்டும் என்பது ஆசை. என்ன படிக்க வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். சீருடை, துப்பாக்கி, ராத்திரி பதுங்கல் என்று நீங்கள் மனதில் வைத்திருக்கிற வேலை வெளிநாட்டவருக்குக் கிடைக்காது. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டப்படி, ஆயுதம் கையாளும் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர் அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். தனியார் வனவிலங்குக் காப்பகங்களுக்கு ஆள் அனுப்பும் பாதுகாப்பு நிறுவனங்களில் சேர 2001-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். அதற்கும் அதே நிபந்தனைதான். கென்யாவிலும் தான்சானியாவிலும் ரேஞ்சர், அதாவது ரோந்து போகும் வனக் காவலர், என்பது அரசுச் சீருடைப் பணி, சொந்த நாட்டவரைத்தான் எடுப்பார்கள். இதில் அநியாயம் எதுவும் இல்லை. அந்த மண்ணிலேயே பிறந்து, மாடு மேய்க்கும்போதே தடம் பார்த்துப் பழகிய இளைஞர்கள் வேலைக்குக் காத்திருக்கும்போது, வெளியாள் கையில் அந்தத் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

ஆனால் ஒரு காப்பகம் துப்பாக்கியால் மட்டும் ஓடுவதில்லை. கால்நடை மருத்துவர், தரவு ஆய்வாளர், விமானி, வண்டி மெக்கானிக், கணக்காளர், வழக்குக்குச் சான்று திரட்டத் தெரிந்தவர் என்று ஆள் தேடிக்கொண்டே இருக்கிற இடங்கள் பல. வெளிநாட்டவர் உள்ளே போகும் வழி அதுதான். அதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பார்க்க, களத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 19,500 சதுர கிமீ. கிழக்கே மொசாம்பிக்குடன் சுமார் 350 கிமீ எல்லை. 2007-ல் தென்னாப்பிரிக்கா முழுவதும் வேட்டையில் இறந்த காண்டாமிருகங்கள் 13. 2014-ல் அது 1,215. அதன் பிறகு இறங்கி, 2024-ல் 420. உள்ளே நுழையும் கூட்டத்தில் பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள்: கனரகத் துப்பாக்கியோடு சுடுபவர், கொம்பை வெட்டக் கோடாரி வைத்திருப்பவர், தண்ணீரும் சாப்பாடும் சுமப்பவர். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வருவார்கள், டார்ச் தேவைப்படாது. சுட்டதிலிருந்து கொம்போடு கிளம்பும்வரை சில நிமிடங்கள்தான். ஆகவே வெடிச்சத்தம் கேட்ட பிறகு ஓடினால் சடலம்தான் கிடைக்கும்.

அதனால் ரேஞ்சரின் முக்கியமான வேலை, ஆள் நுழைந்த தடத்தைச் சுடுவதற்கு முன்பே பிடிப்பது. எல்லையோர மண்பாதையில் வண்டிக்குப் பின்னால் டயரையோ முட்கிளையையோ கட்டி இழுத்து மண்ணை மட்டமாக்கி வைப்பார்கள். விடிந்ததும் அதே பாதையில் போனால் ராத்திரி கடந்தவரின் காலடி தனியாகத் தெரியும். வெயில் சாய்வாக விழும் காலையும் மாலையும்தான் தடம் பார்க்க ஏற்ற நேரம்; தடம் நமக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்க வேண்டும், அப்போதுதான் விளிம்பின் நிழல் நம் பக்கம் விழும். உச்சிவெயிலில் அதே தடம் கண்ணில் படாது. காலடியின் மேல் ராத்திரியில் ஊரும் பூச்சியின் கோடு இருந்தால், பூச்சி ஊர்வதற்கு முன் பதிந்தது. பனித்துளி விழுந்த புள்ளிகள் கலையாமல் காலடிக்குள் இருந்தால் விடியலுக்கு முன் பதிந்தது. வருகிறவர்களும் சும்மா வருவதில்லை. காலணிக்கு மேல் சாக்ஸ் மாட்டுவார்கள், பின்பக்கமாக நடப்பார்கள், கல் மேல் கால் வைத்துப் பாதையைத் தாண்டுவார்கள். இது வகுப்பறையில் வராது. ஆனால் தரவு மேசையில் உட்காரப் போகிறவரும் சில வாரமாவது இவர்களோடு நடந்திருக்க வேண்டும். நடக்காதவர் போடும் வரைபடத்தை ரேஞ்சர்கள் மதிக்க மாட்டார்கள், மதிக்காததில் நியாயமும் இருக்கிறது.

கண்ட தடத்தைத் தொடர நாய்கள் உண்டு. கயிற்றில் பிடித்த நாய், அதைப் பிடித்திருக்கும் ஆளின் வேகத்துக்கு மேல் போக முடியாது. அதனால் தென்னாப்பிரிக்க வனவிலங்குக் கல்லூரி, டெக்சாசிலிருந்து வந்த வேட்டை நாய்களைக் கூட்டமாக அவிழ்த்துவிட்டு, கழுத்துப்பட்டையின் ஜிபிஎஸ் குறியைப் பார்த்து ஹெலிகாப்டரில் பின்தொடரும் முறையைக் கொண்டுவந்தது. நாய்க்குப் பெரிய எதிரி வெயில். வெப்பம் ஏறினால் மோப்பமும் போகும், உயிரும் போகலாம். நாய்ப் பராமரிப்பு, நாய் மருத்துவம் தெரிந்தவருக்கு இங்கே இடம் உண்டு.

காண்டாமிருகம்தான் செய்தியில் வரும். எண்ணிக்கையில் அதிக விலங்குகளைக் கொல்வது சுருக்குக் கம்பி. வேலிக் கம்பி, தொலைபேசிக் கம்பி, மோட்டார்சைக்கிள் கிளட்ச் கேபிள், எது கிடைத்தாலும் வளையமாக்கி மரத்தில் கட்டி, மான் போகும் ஒற்றையடித் தடத்தில் கழுத்து உயரத்துக்குத் தொங்கவிடுவார்கள். இருபக்கமும் கிளை வெட்டிப் போட்டு, விலங்கு வேறு வழியில் விலகாதபடி செய்வார்கள். வைத்தது மானுக்கு, மாட்டிக்கொள்வதில் சிங்கம், காட்டுநாய், யானைக்குட்டியின் துதிக்கை எல்லாம் உண்டு. உகாண்டாவின் மர்ச்சிசன் அருவிப் பூங்காவில் லாரி லீஃப் ஸ்பிரிங் தகட்டில் செய்த பல் பொறிகளும் கிடைக்கின்றன. ஒரு கம்பி கண்ணில் பட்டால் அதை எடுத்துவிட்டு நகர்வது புதியவர் செய்யும் தவறு. கம்பிகள் வரிசையாகத்தான் வைக்கப்படும். இரு திசையிலும் அந்த வரிசையைத் தொடர்ந்து போய் முடிவைப் பார்க்க வேண்டும். எடுத்த கம்பியை அங்கேயே போட்டு வரவும் கூடாது. அதே கம்பி மறுவாரம் மறுபடி மரத்தில் தொங்கும்.

இனி தரவு வேலை. விலங்கியல் பட்டதாரிக்கு மிக அருகில் இருக்கும் கதவு இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உலகம் முழுவதும் பல நூறு காப்பகங்கள் ஸ்மார்ட் என்ற ரோந்துப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. களத்திலிருந்து நேரலையாக வருவதை ஒரே திரையில் காட்ட எர்த்ரேஞ்சர் இருக்கிறது. இரண்டுமே இலவசம். ரேஞ்சர் கையில் ஒரு தடித்த உறை போட்ட போன். கம்பி, சடலம், காலடி, முகாமிட்ட இடம் எதைக் கண்டாலும் வகையைத் தட்டினால் இடமும் நேரமும் தானாகப் பதியும். படிக்கத் தெரியாத சான் பழங்குடித் தடம்பார்ப்பவர்களுக்காக 1990-களில் படக்குறிகளோடு செய்யப்பட்ட சைபர்டிராக்கர்தான் இதற்கெல்லாம் முன்னோடி.

கெடுவது எங்கே? பேட்டரி தீர்ந்துவிடும், முகாமுக்கு வந்து ஞாபகத்திலிருந்து பதிவார்கள், வரைபடத்தில் எல்லாக் கம்பியும் முகாம் சமையலறையில் கிடைத்தது போலக் காட்டும். அடுத்தது, சென்ற மாதம் 40 கம்பி, இந்த மாதம் 80 என்றதும் வேட்டை இரட்டித்துவிட்டது என்று அறிக்கை எழுதுவது. ரோந்தும் இரண்டு மடங்கு நடந்திருந்தால் எதுவும் மாறவில்லை. எண்ணிக்கையை நடந்த கிலோமீட்டரால் வகுத்துத்தான் பேச வேண்டும். மூன்றாவது, இதைவிட நுணுக்கமானது: ரோந்து எப்போதும் பாதையோரத்திலும் தண்ணீர் உள்ள பக்கத்திலும்தான் அதிகம் நடக்கும். முட்புதரும் பாறையுமான பகுதி வரைபடத்தில் சுத்தமாக இருப்பது, அங்கே வேட்டை இல்லாததால் அல்ல, யாரும் போகாததால். எனவே போய்ப் பார்த்து எதுவும் கிடைக்காத இடத்தையும் பூஜ்யம் என்று பதியவைக்க வேண்டும்; பூஜ்யத்துக்கும் வெற்றிடத்துக்கும் வித்தியாசம் தெரியாத வரைபடத்தால் பயனில்லை. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், ஆர் என்ற புள்ளியியல் மொழி, ஸ்மார்ட் மூன்றையும் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். இந்த மூன்றும் கையில் இருப்பவருக்கு, வெறும் ஆர்வம் மட்டும் உள்ள நூறு பேருக்கு முன்னால் நேர்காணல் கிடைக்கும்.

அடுத்து நீதிமன்றம். பிடிபட்டவர் தண்டிக்கப்படாவிட்டால் ரேஞ்சரின் உழைப்பு வீண். கென்யாவில் 2008 முதல் 2013 வரையிலான நீதிமன்றப் பதிவேடுகளை வைல்ட்லைஃப்டைரக்ட் அமைப்பு ஆராய்ந்தது. யானை, காண்டாமிருகக் குற்றங்களில் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களிலேயே சிறைக்குப் போனவர்கள் 4 சதவீதம்தான். புதிய வனவிலங்குச் சட்டம் 2013-ல் வந்தது. ஆனாலும் சான்று சரியில்லாவிட்டால் எந்தச் சட்டமும் உதவாது. சடலத்தைக் கண்டதும் பத்துப் பேர் சுற்றி நின்று பார்ப்பதில்தான் வழக்கு தோற்கத் தொடங்குகிறது. சரியான முறை: ஒரே வழியில் உள்ளே போய் அதே வழியில் திரும்ப வேண்டும், எதையும் தொடுமுன் அளவுகோல் வைத்துப் படம், தோட்டா உறை, சிகரெட் துண்டு, தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், முத்திரை எண்ணோடு, சடலத்துக்குள்ளும் அடியிலும் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோட்டா தேடுதல். வெட்டிய கொம்பின் அடியிலிருந்து எடுத்த மாதிரியை பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் காண்டாமிருக மரபணுத் தொகுப்பான ரோடிஸில் ஒப்பிட்டால், எங்கோ விமான நிலையத்தில் பிடிபட்ட கொம்பு எந்த விலங்குடையது என்று சொல்லிவிட முடியும். அந்த உறை யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற பதிவில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் போதும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார். தடயவியல், மரபணு ஆய்வகப் பயிற்சி, சட்டம் படித்தவர்கள் இந்தப் பக்கம் யோசிக்கலாம்.

கால்நடை மருத்துவராக நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: பாதை நீளமானது. இந்தியாவின் பி.வி.எஸ்சி பட்டம் தென்னாப்பிரிக்காவில் நேரடியாகச் செல்லாது. அந்நாட்டுக் கால்நடை மருத்துவ மன்றத்தின் தேர்வை எழுதித் தேறிப் பதிவு செய்ய வேண்டும். வேலையும் விளையாட்டல்ல. பெரிய வெள்ளைக் காண்டாமிருகத்தை மயக்க எட்டார்ஃபின் என்ற மருந்து 3 முதல் 4 மில்லிகிராம் போதும். இரண்டு டன் உடம்பைச் சாய்க்கிற மருந்தின் ஒரு துளி மனிதத் தோலின் கீறலில் பட்டால் உயிருக்கே ஆபத்து. கையுறை, கண்ணாடி இல்லாமல் டார்ட் என்ற மருந்து ஊசியைத் தொடக் கூடாது. அதை முறிக்கும் மாற்று மருந்து தயாராக இல்லாமலும், அதைப் போடத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் இல்லாமலும் வேலையைத் தொடங்கக் கூடாது.

கொம்பு நீக்குவது இப்போது அடிக்கடி நடக்கும் வேலை. விலங்கு சாய்ந்ததும் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, மூக்கு வழியாக ஆக்ஸிஜன். இந்த மருந்து மூச்சைக் குறைக்கும், உடம்பு நடுங்கும். அதனால் பியூட்டார்ஃபனால் என்ற மருந்தைக் கொடுத்து மூச்சை மீட்பார்கள். பின் கொம்பின் அடியிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டுக் கோடு போட்டு செயின்சாவால் அறுப்பார்கள். அதற்குக் கீழே போனால் உயிருள்ள வளர்திசு. வெட்டிய இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கித் தார் பூசி, மாற்று மருந்து கொடுத்து எழுப்பி அனுப்புவார்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். நேரம் நீண்டால் உடல் சூடாகும், தன் எடையே அழுத்திக் கால்தசை பழுதாகும். கொம்பு நகம் போன்ற கெரட்டின்தான், மறுபடி வளரும். ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். குரூகரைச் சுற்றிய காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை நடந்த ஆய்வில், கொம்பு நீக்கிய இடங்களில் வேட்டை 78 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. எஞ்சிய அடிக்கட்டைக்காகவும் சுடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிறு விமானம் ஓட்டுபவர், அதைப் பழுதுபார்ப்பவர், டீசல் வண்டியும் ரேடியோ கோபுரமும் சரிசெய்பவர், நன்கொடைக் கணக்கைத் தணிக்கைக்குத் தாங்கும்படி வைப்பவர்: இவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு. 2000-ல் தொடங்கிய ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு, அரசுகளோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டு இருபதுக்கும் மேற்பட்ட பூங்காக்களை நடத்துகிறது. அவர்களது வேலை அறிவிப்புகளைச் சில மாதம் தொடர்ந்து படியுங்கள். எந்தத் திறமைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று தானாகப் புரியும். பிரெஞ்சு தெரிந்தவருக்குப் போட்டி குறைவு. சாட் நாட்டின் ஸகூமா, காங்கோவின் கரம்பா, பெனினின் பெஞ்சாரி எல்லாமே பிரெஞ்சு பேசும் நாடுகளில் உள்ள பூங்காக்கள். கென்யா, தான்சானியாவுக்கு ஸ்வாஹிலி. இரண்டு ஆண்டு பிரெஞ்சு படிப்பது, இரண்டாவது முதுகலைப் பட்டத்தைவிட அதிகக் கதவுகளைத் திறக்கும் என்பது என் கணிப்பு.

ஊர்மக்களோடு செய்யும் வேலையைப் பலர் இரண்டாம்தரமாக நினைக்கிறார்கள். எனக்கு அது தலைகீழ். நமீபியாவில் 1996-ல் வந்த சட்டம், ஊர்க்கூட்டமைப்புகளுக்கு வனவிலங்கிலிருந்து வரும் வருமானத்தில் உரிமை கொடுத்தது. விலங்கு உயிரோடு இருப்பதில் லாபம் கண்ட ஊர், வேட்டைக்காரனைப் பற்றித் தானே தகவல் சொல்கிறது. கென்யாவில் சாவோ கிழக்குப் பூங்காவை ஒட்டிய சகல்லாவில் வயலைச் சுற்றிக் கம்பியில் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேன்கூட்டுப் பெட்டிகள் தொங்கும். யானை கம்பியை இடித்தால் பெட்டிகள் ஆடித் தேனீ கிளம்பும். கேட்க எளிது. ஆனால் வறட்சியில் தேனீ கூட்டைவிட்டுப் போய்விடும், வேலி வெறும் பெட்டியாக நிற்கும். தண்ணீரும் பூச்செடியும் யார் பார்ப்பது என்று முன்பே பேசி முடிக்காத திட்டங்கள் இப்படித்தான் படுத்துவிடுகின்றன.

படிப்புக்கு வருகிறேன். முதுகலையை இந்தியாவிலேயே முடிப்பது செலவுக்கு நல்லது: டேராடூன் வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையம் (என்சிபிஎஸ்), மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி. ஆப்பிரிக்காவிலேயே படிக்க விரும்பினால், கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் 1963-ல் தொடங்கிய ம்வேக்கா வனவிலங்கு மேலாண்மைக் கல்லூரி. ஆப்பிரிக்கா முழுக்கப் பூங்கா அதிகாரிகள் அங்கே படித்தவர்கள். பாடத்தைவிட அந்த வகுப்புத் தோழர்கள்தான் பின்னால் உதவுவார்கள். அதற்கு முன் முதுமலையிலோ சத்தியமங்கலத்திலோ கணக்கெடுப்பு, விலங்கைத் தானாகப் படமெடுக்கும் கேமரா பொறி வேலையில் ஓராண்டு இருங்கள். நம் வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு நடந்த அனுபவம் விண்ணப்பத்தில் உண்மையான எடை சேர்க்கும்.

பணம் கட்டித் 'தன்னார்வலர்' ஆகும் திட்டங்களில் உஷாராக இருங்கள். சிங்கக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சவும் பாட்டிலில் பால் கொடுக்கவும் விடுகிற இடம் எதுவும் பாதுகாப்பு மையம் அல்ல. அந்தக் குட்டிகள் வளர்ந்ததும் வேலிக்குள் சுடப்படும் வேட்டைக்கோ எலும்பு வியாபாரத்துக்கோ போகும் வாய்ப்புதான் அதிகம். வணிகத்துக்காகச் சிங்கம் வளர்ப்பதை முடிவுக்குக் கொண்டுவரும் கொள்கைக்குத் தென்னாப்பிரிக்க அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் கொடுத்தது. இரண்டு வாரத்தில் ஆயுதப் பயிற்சி கொடுத்து ரோந்துக்கு அனுப்புகிறோம் என்கிறவர்களையும் தவிருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் சில: பணம் எந்தக் காப்பகத்துக்குப் போகிறது? நான் செய்யும் வேலையை இப்போது செய்வது யார்? அந்த உள்ளூர்க்காரருக்கு என்னால் வேலை போகுமா? மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஆபத்தை மறைக்க விரும்பவில்லை. காங்கோவின் விருங்கா பூங்காவில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட ரேஞ்சர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். தான்சானியாவில் தந்தக் கடத்தலை எதிர்த்த வெய்ன் லாட்டர் 2017-ல் டார் எஸ் சலாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். குரூகரை ஒட்டிய டிம்பவாட்டி காப்பகத்தின் தலைமை ரேஞ்சர் ஆன்டன் ம்ஸிம்பா 2022-ல் தன் வீட்டு வாசலில். உள்ளாள் தகவல் கொடுப்பது எல்லா இடத்திலும் உள்ள நோய். அதனால் காண்டாமிருகம் இருக்கும் இடத்தை ஒரு சிலரே பார்க்கும்படி வைப்பார்கள். இடக்குறியோடு படம் எடுத்து வலையில் போடும் புதியவரை அன்றே அனுப்பிவிடுவார்கள். தவறு காவல் பக்கத்திலும் நடக்கிறது. டபிள்யூடபிள்யூஎஃப் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் உதவிபெற்ற பூங்காக்களில் ரேஞ்சர்கள் ஊர்மக்களைத் துன்புறுத்தியதாக 2019-ல் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளி நீதிபதி நவநீதம் பிள்ளை. 2020 நவம்பரில் அறிக்கை வந்தது. வேலைக்குச் சேருமுன் அந்த அமைப்பில் ஊர்மக்கள் புகார் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

வேலை உறுதியானதும் பார்க்க வேண்டிய சில்லறை விஷயங்கள். வேலை விசா இல்லாமல் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லா வேலை செய்தாலும் பல நாடுகளில் அது குற்றம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு 10 நாள் ஆனபிறகே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள்வரை தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஊர் திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிட வேண்டும். கருநீல, கறுப்பு உடை வேண்டாம், கடித்து நோய் பரப்பும் செட்சீ ஈக்கு அந்த நிறங்கள் பிடிக்கும். ராணுவப் புள்ளி போட்ட உடையை எடுத்துப் போகவே கூடாது. ஜிம்பாப்வேயிலும் ஜாம்பியாவிலும் பொதுமக்கள் அதை அணிவது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய அம்சம், அவசரத்தில் விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் காப்பீடு. அது இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.